பேண்டு மாஸ்டர்

சிற்றூர்ப் பள்ளிகளில் பேண்டு மாஸ்டர் என்று ஒரு பணியிடம் கிடையாது. பேண்டு மாஸ்டர் மட்டும் உண்டு. சம்பளப் பட்டியலில் அவர் உடற்கல்வி ஆசிரியராக இருப்பார். சில இடங்களில் ஓவிய ஆசிரியர், அபூர்வமாக ஆய்வக உதவியாளர். பணியில் சேர்ந்த புதிதில், கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் இருந்ததாக ஆசிரியர் அறையில் வாய்தவறிச் சொன்னவர் எவரோ, அவரே அடுத்த கூட்டத்தில் பேண்டு மாஸ்டராகிவிடுகிறார். என்.சி.சி.யில் அவர் என்ன வாசித்தார் என்று யாரும் கேட்பதில்லை. அணிவகுப்பில் பேண்டுக்குப் பின்னால் நடந்திருக்கிறார் என்பதே தகுதிக்குப் போதும்.

இந்த இனத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. காவல்துறை பேண்டிலோ ராணுவ பேண்டிலோ இருந்து ஓய்வு பெற்று, வாரத்தில் இரண்டு நாள் மொபெட்டில் வந்து சொல்லிக்கொடுப்பவர். இவருக்கு நிஜமாகவே வாசிக்கத் தெரியும். எந்தப் பள்ளியிலும் ரொம்ப நாள் நிலைக்காததற்கும் அதுவே காரணம். பிள்ளைகள் தப்பாக வாசித்தால் இவருக்குக் காது வலிக்கும். முதல் வகையினருக்கு வலிக்காது. சிறு பள்ளி பேண்டுக்கு ஞானத்தைவிடப் பொறுமைதான் முக்கியம் என்பதால், இங்கே பேசப்படுபவர் முதல் வகையினரே.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26, விளையாட்டு விழா, சிறப்பு விருந்தினர் வருகை. இந்த நான்கு வேளைகள் போக மற்ற நாட்களில் பேண்டு உறங்கும். மாஸ்டரும் வாலிபால் வலையைத் தைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார். அந்த நிம்மதியைக் கலைப்பது போட்டி அறிவிப்பு. 2022-23இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படியேறும் போட்டிகள் எல்லா ஊருக்கும் பழகிவிட்டன. தேசிய அளவில் கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து நடத்தும் பள்ளி பேண்டு போட்டியும் இருக்கிறது. பித்தளை பேண்டு, பைப் பேண்டு இரண்டிலும் மாணவர், மாணவியர் என்று நான்கு பிரிவுகள். பைப்பை டெல்லி அணிவகுப்பு ஒளிபரப்பில் மட்டுமே பார்த்திருக்கும் பள்ளிக்கு அது எட்டாத உயரம். அதற்கு எட்டுவது, பக்கத்து நகரத்துச் சங்கம் ஏதாவது ஆண்டு விழாவை ஒட்டி நடத்தும் 'பள்ளிகளுக்கு இடையிலான பேண்டு இசைப் போட்டி'. தலைமையாசிரியர் அறிவிப்பை இரண்டு முறை படிப்பார். சுழற்கோப்பை என்ற சொல்லில் கண் நிற்கும். "சார், நம்ம பேண்டு சும்மாத்தானே இருக்கு?" என்பார். விஷயம் முடிந்தது.

மாஸ்டர் முதலில் போவது விளையாட்டுச் சாமான் அறைக்கு. உயரம் தாண்டும் மெத்தைக்கும் உடைந்த பெஞ்சுக்கும் பின்னால் வாத்தியங்கள் இருக்கும். சிறு பள்ளியின் பேண்டு செட் என்பது பெரும்பாலும் நான்கைந்து சைடு டிரம், ஒரு பெரிய டிரம், ஒரு ஜோடி சிம்பல், மூன்று பியூகிள், ஒரு டிரையாங்கிள். இவற்றோடு எந்த ஆண்டு எவர் கொடுத்தது என்று தெரியாத ஒரு மெலோடிக்கா. டிரம்மின் வயிற்றில் ஒட்டியிருக்கும் லேபிளில் அநேகமாக மீரட் என்று இருக்கும். அந்த ஊரின் ஜாலி கோத்திப் பகுதி, நாடு முழுவதும் உள்ள கல்யாண பேண்டுகளுக்கும் பள்ளி பேண்டுகளுக்கும் வாத்தியம் செய்து அனுப்பும் இடம். பியூகிளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் போன ஆண்டின் சாக்பீஸ் துண்டு, ஒரு சிலந்தி, சில சமயம் ஒரு பரீட்சை பிட்டு விழும்.

இருப்புப் பதிவேட்டைத் திறக்கும்போதுதான் மாஸ்டரின் முகம் மாறும். டிரம் இருக்கும், வார் இருக்காது. வார் இருந்தால் கொக்கி இருக்காது. குச்சிகளோ ஏட்டில் பாதிக்குமேல் இருக்கும், அறையில் கால்வாசி இருக்கும். டிரம் குச்சி ஆண்டுதோறும் தானாகக் குறைந்துகொண்டே வரும் பொருள். ஒவ்வொரு தணிக்கையிலும் 'தேய்மானம்' என்று எழுதிச் சமாளிக்கிறார்கள்.

அடுத்தது தோல். 1950களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் தோல் கடைக்கு வந்துவிட்டது; ஆனால் பெரிய டிரம்முக்கு இன்னமும் ஆட்டுத்தோல் போட்டிருக்கும் பள்ளிகள் உண்டு. தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். போட்டி வருவதோ தவறாமல் ஐப்பசி, கார்த்திகையில். அடித்தால் 'தும்' என்பதற்குப் பதில் 'தொப்' என்று கேட்கும். மாஸ்டர் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, தோலுக்கு ஒரு முழம் கீழே காட்டிக் காயவைப்பார். அந்தப் புகையைப் பார்த்து உதவித் தலைமையாசிரியை ஓடிவருவது முன்னேற்பாட்டில் அடங்கிய ஒரு நிகழ்ச்சி.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதில் மாஸ்டருக்கு உள்ள சுதந்திரம் மிகக் குறைவு. பத்தாம் வகுப்பைத் தொடக்கூடாது. ஒன்பதில் நன்றாகப் படிப்பவரைத் தரமாட்டார்கள், படிக்காதவரைச் சிறப்பு வகுப்பு விடாது. மிச்சமிருப்பது ஏழும் எட்டும். அதிலும் வகுப்பாசிரியர்கள் யாரைப் போகச் சொல்லித் தள்ளுகிறார்களோ அவர்கள்தான். கால் மணி நேரம் ஓரிடத்தில் உட்காரமுடியாதவர்களே அதிகம் வந்துசேர்வார்கள். இதைப் பற்றி மாஸ்டர் குறைப்பட்டுக்கொள்வதில்லை. டிரம் அடிக்க அப்படிப்பட்ட கைதான் வேண்டும் என்பது அவர் அனுபவம்; அதில் உண்மையும் இருக்கிறது.

எல்லாருக்கும் சைடு டிரம்தான் வேண்டும். பெரிய டிரம், அதைச் சுமக்கக்கூடிய உடம்புள்ளவனுக்குப் போகும். அணிவகுப்பில் பெரிய டிரம்மின் அடி இடதுகாலோடு விழவேண்டும், மொத்த வரிசையும் அதைக் கேட்டுத்தான் கால் மாற்றும். ஆக, பேண்டின் காலக்கணக்கு முழுவதும் உடம்பை மட்டும் பார்த்து எடுத்த ஒருவனின் கையில் இருக்கிறது. டிரையாங்கிள், தாளாளரின் உறவுப் பையன் இருந்தால் அவனுக்கு. வேறு யாருக்கும் அதைக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பியூகிளுக்கு ஆள் எடுப்பது தனிக்கதை. முதல் நாள் மூன்று பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவார்கள்; காற்று மட்டும் வரும். உதட்டை இறுக்கித் துடிக்கவைத்தால்தான் சத்தம் பிறக்கும் என்பதை விளக்க மாஸ்டர் தானே ஊதிக்காட்டுவார். அவருக்கும் காற்றுதான் வரும். நான்காம் நாள் திடீரென்று ஒருவனுக்கு வாய்க்கும். அன்று மாலை முழுவதும் தெருநாய்கள் பள்ளி வாசலில் நிற்கும்.

பியூகிளில் ஒரு சிக்கல் உண்டு, போட்டி அறிவிப்பு எழுதுபவர்களுக்கு அது தெரிவதில்லை. அதில் துளை கிடையாது, வால்வு கிடையாது. வெறும் குழாயில் உதட்டை மாற்றி மாற்றி எழுப்பக்கூடியவை நடைமுறையில் ஐந்தே ஒலிகள். நம் கணக்கில் சொன்னால் ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. ரி, ம, த, நி நான்கும் அந்தக் குழாய்க்குள் இல்லை. தேசிய கீதம் ச-வில் தொடங்கி இரண்டாவது எழுத்திலேயே ரி-க்குப் போய்விடுவதால், பியூகிளில் அது 'ஜ'வைத் தாண்டாது. "பியூகிள்ல ஒரு சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லுங்களேன்" என்று தலைமையாசிரியர் கேட்கும்போது மாஸ்டர் இத்தனையையும் விளக்கமாட்டார். "பார்க்கலாம் சார்" என்பார். ஆசிரியர் வாழ்க்கையில் இந்த இரண்டு சொற்களும் விலக்கும் விபத்துகள் எத்தனையோ.

பயிற்சி கடைசிப் பாடவேளையில் தொடங்கும். சைடு டிரம்முக்கு முதல் பாடம் 'அம்மா அப்பா'. வலக்கையில் இரண்டு அடி, அது அம்மா; இடக்கையில் இரண்டு அடி, அது அப்பா. மெதுவாகச் சொல்லி அடித்து, வேகம் கூட்டிக்கொண்டே போனால் அடிகள் ஒன்றோடொன்று கலந்து உருட்டலாகிவிடும். சைடு டிரம்மின் கீழ்த்தோலுக்குக் குறுக்கே சுருள் கம்பிகள் ஓடுகின்றன. உருட்டலுக்கு அந்தச் சரசரப்பைக் கொடுப்பவை அவைதான். பக்கத்தில் உள்ள சிறு விசையைத் தள்ளினால் கம்பி விலகி, டிரம் வெறும் தகரமாகிவிடும். பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுபிடிப்பது இந்த விசையைத்தான். பக்கத்திலிருப்பவன் உருட்டிக்கொண்டிருக்கும்போது இதைத் தள்ளிவிடுவது எல்லாத் தலைமுறையிலும் ஒரே மாதிரி நடந்துவரும் ஒழுங்கீனம்.

இரண்டாவது வாரத்தில் பள்ளி முழுவதும் பெஞ்சுகள் 'அம்மா அப்பா' பேசத் தொடங்கும். கணக்கு ஆசிரியர் புகார் எழுதுவார். மூன்றாவது வாரத்தில் அவரே விடைத்தாள் கட்டின்மேல் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.

சிம்பல் மிகச் சுலபம் என்று பெயர் வாங்கிய கருவி. அதனால் கூச்ச சுபாவமுள்ள எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அது போகும். இரண்டு தட்டுகளையும் நேருக்கு நேர் அறைந்தால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு 'பொத்' என்று அடங்கிவிடும்; சற்றுச் சாய்த்து, உரசினாற்போல் மோதவேண்டும். ஒரே ஜோடி சிம்பல்தான் இருக்கிறது, அதுவும் கீறல் விழுந்தது, போட்டிவரை தாங்கவேண்டும் என்பதால் அவள் பழகுவது இரண்டு சத்துணவுத் தட்டுகளில். மதியம் சாப்பிட்டுக் கழுவிய தட்டுகளை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் தனியாக நிற்பாள். மற்றவர்கள் வாசிக்கும்போது உதடு அசையாமல் எண்ணுவாள். பதினாறு அடிக்கு ஒரு மோதல். பதினைந்து அடிகளுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அவள் வேலை, அந்தப் பதினைந்தில் ஒருதரம்கூட அவளுக்குத் தப்புவதில்லை. மாஸ்டர் கணக்குத் தடுமாறும்போது அவளைத்தான் பார்ப்பார். பார்ப்பது மற்றவர்களுக்குத் தெரியாதபடி பார்ப்பார். சத்துணவு அமைப்பாளர் மட்டும், தட்டு விளிம்பெல்லாம் நசுங்கிவிட்டது என்று தலைமையாசிரியரிடம் இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது.

வேகத்தின்மேல்தான் மாஸ்டருக்கு உண்மையான பக்தி. விரைவு நடைக்கு நிமிடத்துக்கு 120 காலடி, ஓர் எட்டுக்கு 30 அங்குலம், என்.சி.சி. அவருக்குள் அழியாமல் எழுதிவிட்டுப் போன இரண்டு எண்கள் இவை. பிள்ளைகள் கூட்டமாக வாசிக்கும்போது வேகம் ஏறிக்கொண்டே போவது இயல்பு. தேசிய கீதத்துக்குரிய நேரம் ஏறத்தாழ 52 விநாடி. முதல் ஒத்திகையில் பேண்டு அதை ஏதோ ரயிலைப் பிடிக்கப்போவதைப்போல் முடித்துவிட்டு நிற்கும். இளம் ஆசிரியர் ஒருவர் கைபேசியில் மெட்ரோனோம் செயலியைக் காட்டுவார். மாஸ்டர் அதோடு சேர்ந்து நான்கு எட்டு நடந்து பார்ப்பார். ஒத்துவராது. "உங்க போன் ஸ்லோவா ஓடுது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு இசை தெரியாது என்பது உண்மை. ஆனாலும் பள்ளியில் காலத்தை மதிக்கிறவர்கள் அவரும் மணி அடிக்கும் வாட்ச்மேனும்தான்.

என்ன வாசிப்பது என்பதில் கருத்து வேறுபாடுகள் எழும். மாஸ்டருக்கு 'கர்னல் போகி' மீது ஆசை. 1914இல் பிரிட்டிஷ் ராணுவ பேண்டு மாஸ்டர் ஒருவர் எழுதிய நடை அது, 1957இல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் வந்து உலகம் முழுவதும் சீழ்க்கையடிக்கப்பட்டது. தாளாளருக்கு பக்திப்பாட்டு. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவருக்குத் தன் மகன் வாசிக்கும் பாட்டு எதுவானாலும் சரி, மகன் முன்வரிசையில் இருக்கவேண்டும். பாட்டு வகுப்பு எடுக்கும் ஆசிரியை, இந்த டமாரச் சத்தத்துக்கும் நம் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார். சம்பந்தம் இருக்கிறது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, சம்ஸ்கிருத வரிகளை அமைத்து ஏறத்தாழ நாற்பது நோட்டுஸ்வரங்களைச் செய்தார். இங்கிலாந்து ராஜகீதத்தின் மெட்டுகூட அவற்றில் உண்டு. இத்தனையும் தெரிந்தால் மாஸ்டர் நன்றாகவே பதில் சொல்லியிருப்பார். தெரியாததால் "பார்க்கலாம் டீச்சர்" என்பார்.

கடைசியில் 'ஸாரே ஜஹான் ஸே அச்சா' என்று முடிவாகும். 1904இல் இக்பால் எழுதியது. டெல்லியில் ஜனவரி 29 அன்று பாசறை திரும்பும் நிகழ்ச்சி நிறைவதும் இதோடுதான். மெலோடிக்கா பாட்டைச் சுமக்கும், பியூகிள்கள் தங்களுக்குரிய ச-வும் ப-வும் வரும் இடங்களில் எழுந்து அடங்கும். இந்த முடிவில் ஒரே குறை, போட்டிக்கு வரும் மற்றப் பள்ளிகளும் அதே முடிவுக்கு வந்திருப்பார்கள்.

இதுவரை சொன்னவை ஒருபக்கம், உடை மறுபக்கம். மதிப்பெண் பங்கீட்டில் தோற்றம், அணிநடை, ஒழுங்கு, வாசிப்பு என்று நான்கு தலைப்புகள் இருந்தால், மூன்றை வாயே திறக்காமல் வாங்கிவிடலாம் என்பது மாஸ்டரின் ஆராய்ச்சி. ஆகவே கடைசிப் பத்து நாள் ஒத்திகை பெரும்பாலும் தையற்கடையில் நடக்கும். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, குறுக்குப் பட்டை, குஞ்சம் வைத்த தொப்பி. தலைமையாசிரியர் கேட்பார்:

"என்ன சார், பசங்க ஜெயிச்சுடுவாங்களா?"

"கோட்டு வந்துட்டா ஜெயிச்சுடும் சார்."

"கோட்டுக்கு என்ன ஆகும்?"

மாஸ்டர் ஒரு தொகையைச் சொல்வார். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்ப்பார். பிறகு கோட்டு நாடக உடைகளை வாடகைக்கு விடும் கடையிலிருந்து வரும். அவற்றில் சில, வெள்ளைக்காரக் கலெக்டராக நடித்தவர்கள் போட்டவை. தோளில் பட்டையும் நெஞ்சில் பதக்கமும் தைத்தபடியே இருக்கும். பன்னிரண்டு வயதுக்காரன் ஒருவன் மூன்று போர்களில் வென்ற தோரணையில் டிரையாங்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கான்வாஸ் ஷூவின் அழுக்கை சாக்பீஸ் மறைக்கும். தொப்பி பெரிதானவர்கள் உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வார்கள். முன்னால் நடப்பவன் கையில் சுழற்றவேண்டிய வெள்ளிக்கோலுக்கு, மாஸ்டர் வீட்டுத் திரைச்சீலைக் கம்பி வரும். வீட்டில் அதற்குப் பிறகு திரைச்சீலை கயிற்றில் தொங்கும்.

போட்டி நாள் காலையில் வேன் ஒரு மணி நேரம் தாமதமாக வரும். தக்காளிச் சாதப் பொட்டலத்தை வாசித்து முடிக்கும்வரை பிரிக்கக்கூடாது, முக்கியமாக பியூகிள்காரர்கள் தொடவே கூடாது என்பது கட்டளை. வேன் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பியூகிள்காரர்களின் பொட்டலம் காலியாகியிருக்கும்.

மைதானத்தில் இறங்கியதும் தனியார் பள்ளி ஒன்றின் பேண்டு கண்ணில்படும். சொந்தப் பேருந்து, சாக்ஸஃபோன், டிரம்பெட், ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. நம் பிள்ளைகளின் கால் தானாக நிற்கும். மாஸ்டர் இங்கேதான் தன் ஒரே சித்தாந்தத்தை வெளியிடுவார்: "டேய், இங்க பாருங்க. ஒண்ணா ஆரம்பிக்கணும், ஒண்ணா நிறுத்தணும். நடுவுல நடக்கிறதை எவனும் கேக்க மாட்டான்." மேலோட்டமாகப் பார்த்தால் சோம்பேறியின் வாதம். ஆனால் நாலு போட்டி பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். எண்பது கை கொண்ட பேண்டு ஒன்று முடிக்கும்போது ஒரே ஒரு குச்சி தனியாக 'டக்' என்றால், கூட்டத்தின் காதில் நிற்பது அந்த ஒன்றுதான்.

குலுக்கலில் வாசிக்கும் முறை தீர்மானமாகும். மேடைக்குப் பதில் மைதானம், எதிரே மூன்று மாடிக் கட்டடம். வேப்பமரத்தடியில் பழகியவர்களுக்கு எதிரொலி என்றால் என்னவென்று தெரியாது. நிமிடத்துக்கு 120 என்றால் அடிக்கு அரை விநாடி. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. நாற்பது மீட்டர் சொச்சத்தில் சுவர் இருந்தால் போய்த் திரும்பக் கால் விநாடி, அதாவது ஒவ்வோர் இரண்டு அடிக்கும் சரியாக நடுவில் இன்னோர் அடி கேட்கும். பெரிய டிரம்காரன் முதலில் தன் கையைப் பார்ப்பான், பிறகு சுவரைப் பார்ப்பான், பிறகு சுவரோடு சேர்ந்துகொள்வான். வரிசையில் பாதி அவனோடு போகும், பாதி நிற்கும். சைடு டிரம் ஒருவனின் கையிலிருந்து குச்சி பறக்கும். விழுந்த குச்சியைக் குனிந்து எடுக்கக்கூடாது என்பது விதி, அவன் மிச்சமிருக்கும் கையால் 'அம்மா'வை மட்டும் அடித்துக்கொண்டு நடப்பான். அந்த நேரத்தில் பதினாறாவது அடிக்கு சிம்பல் விழும், சாய்வாக, சுத்தமாக. எல்லாக் காலும் அதைக் கேட்டுத் திருந்தும். கடைசி அடியில் எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள். மாஸ்டர் முகத்தில் அப்போது வருவது சிரிப்பா என்று உறுதியாகச் சொல்லமுடியாது.

நடுவர்கள் மூவர். ஒருவர் ஓய்வுபெற்ற காவல்துறை பேண்டுக்காரர், ஒருவர் வீணை ஆசிரியை, ஒருவர் கோப்பைக்கு நன்கொடை கொடுத்தவர். முதல் பரிசு சாக்ஸஃபோனுக்குப் போகும். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. நம் பள்ளிக்கு 'சிறந்த ஒழுங்குக்கான சிறப்புப் பரிசு' கிடைக்கும். அது அறிவிப்பில் இல்லாத பரிசு. பதக்கங்கள் தைத்த கோட்டு வேலை செய்திருக்கிறது என்று மாஸ்டர் கருதுகிறார். மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வரும்: நடுவில் தலைமையாசிரியர், கையில் ஷீல்டு, இருபுறமும் தாளாளரும் கழகத் தலைவரும், பின்னால் தொப்பிகள். மாஸ்டர் படத்தில் இல்லை. படத்தை எடுத்தவரே அவர்தான்.

அதன்பிறகு ஜனவரி 26க்கு ஒருதரம் வாத்தியங்கள் வெளியே வரும். மார்ச்சில் தேர்வு, ஏப்ரலில் அறைக்குப் பூட்டு. ஜூனில் எட்டாம் வகுப்புக்காரர்கள் ஒன்பதுக்குப் போய்விடுவார்கள், சிலர் வேறு பள்ளிக்கு. மாஸ்டர் மறுபடி ஏழாம் வகுப்பு வாசலில் நின்று உயரம் பார்க்கத் தொடங்குவார். சிம்பல்காரி மட்டும் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையிடம் கெஞ்சி இன்னோர் ஆண்டுக்கு அனுமதி வாங்கி வருவாள்.

பள்ளி பேண்டில் எந்தக் காலத்திலாவது இருந்த வாசகர்கள் வீட்டுப் பரணில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. நினைவுப் பொருள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்த டிரம் குச்சி பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. அடுத்த தணிக்கைக்கு முன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மாஸ்டர் ஒன்றும் கேட்கமாட்டார்.